பீட் நிலத்தில் மறுநடவு: செம்பனையா, சேகோ பனையா?

ஈரநிலத்தான்:
மலேசியாவின் ஜொகூர் மாநில மேற்குக் கரையில் செம்பனை (பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை) மறுநடவுக்குக் காத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாம் பீட் மண் என்று சொல்வது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் முழுதும் மக்காமல் தங்கிவிட்ட மரமும் வேரும் இலையும்தான். கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் உள்ளே காற்றுப் புகுந்து, மக்கல் தொடங்கி, நிலமே கரியமில வாயுவாகக் கரைந்து போகிறது. வடித்த முதல் ஐந்து ஆண்டுகளில் தரை ஒரு மீட்டருக்கு மேல் தாழ்வதும், பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இறங்குவதும் மலேசியாவிலும் சுமத்ராவிலும் அளந்து கண்டவை. அடுத்த நடவு 25 ஆண்டு நிற்கும் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆகவே, நீரை வடிக்காமல், நீர் நிற்கும் நிலத்திலேயே வளர்ந்து அடிமரத்தில் மாவு தரும் சேகோ பனைக்கு மாறுவதே முறை என்கிறேன்.

பொந்தியான் தோட்டக்காரன்:
அந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. என் தந்தை வீட்டு வாசலுக்கு இரண்டு படி கட்டினார். இன்று நான்கு படி ஏறுகிறோம். வேர் வெளியே தெரியச் சாய்ந்துவிட்ட செம்பனை, குருத்தை மட்டும் வானத்தை நோக்கி வளைத்து எழுவதைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் அந்தச் சாய்ந்த மரமும் குலை தருகிறது; மாதம் இரண்டு முறை வெட்டி லாரியில் ஏற்றினால் கையில் பணம் நிற்கிறது. சேகோ பனையோ முதல் வெட்டுக்கே எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு கேட்கும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? ஆலைகளும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால், சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் இருக்கின்றன.

ஈரநிலத்தான்:
காத்திருப்பு முதல் சுற்றுக்கு மட்டும்தான். பிறகு பக்கக் கன்றுகள் வரிசையாக முற்றுவதால் ஆண்டுதோறும் வெட்டலாம். இந்தோனேசியாவின் ரியாவ் மாநிலத்துச் சுங்கை தொஹோர் கிராமத்தைப் பாருங்கள்: அடிமரத்தைத் துண்டுகளாக்கி, ஓடையில் மிதக்கவிட்டே ஆலைக்குத் தள்ளிச் செல்கிறார்கள். அங்கே நீர் வடிந்தால் பயிரும் கெடும், பாதையும் அடைபடும். அதனால்தான் 2014இல் அம்மக்கள் கால்வாயை மறிக்க முனைந்தபோது அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோவே நேரில் வந்து தடுப்பணை கட்டக் கைகொடுத்தார்.

நடுவரப்பு:
இருவரும் சற்று மிகைப்படுத்துகிறீர்கள். ஆழ்ந்த நீர் ஓயாமல் தேங்கினால் சேகோ பனையின் வளர்ச்சியும் மந்தமாகும். இந்தோனேசியச் சட்டம் நிலத்தடி நீரைத் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்வது ஒரு சமரசமே. தரை தாழ்வது குறையும், நிற்காது.

பொந்தியான் தோட்டக்காரன்:
அப்படியென்றால், எப்போதும் நீர் தேங்கும் கீழ்க்கோடியில் மட்டும் சேகோ வைத்துப் பார்க்கிறேன். மேட்டில் செம்பனை இருக்கட்டும்.

நடுவரப்பு:
உங்கள் கீழ்க்கோடியின் நீரை உயர்த்த வேண்டுமானால் பொதுக் கால்வாயில் மடை போட வேண்டும். அதே கால்வாயில்தான் பக்கத்துத் தோட்டக்காரரின் மூன்று வயதுச் செம்பனையும் வடிகிறது. அவரிடம் முதலில் பேசிவிட்டீர்களா?