டைட்டானியம் 6-4 பவுடர்: எஸ்.பி.எஸ். செய்தும் அடர்த்தி 96 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது

குடந்தை மாணவி:
வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறேன். எஸ்.பி.எஸ். எனும் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் மெஷின் (பவுடரை அழுத்தி, கரன்ட் பாய்ச்சிச் சூடாக்கி, கட்டியாக்குவது) எங்களிடம் இல்லை, வெளியூர் லேபில் காசு கட்டி ஒரு நாள் ஸ்லாட் வாங்கித்தான் ஓட்ட வேண்டும், அதனால் இஷ்டத்துக்குச் செய்து பார்க்க வழியில்லை. பவுடர் டைட்டானியம் 6-4 (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தது), ஹைட்ரைடு-டீஹைட்ரைடு முறையில் (ஹைட்ரஜன் ஏற்றி நொறுக்கி, பிறகு அதை நீக்கி) செய்தது, 45 மைக்ரானுக்குக் கீழே. 20 மி.மீ. கிராஃபைட் டை (அச்சு), சுற்றிலும் கிராஃபைட் ஃபாயில், ஆரம்பத்திலேயே 50 மெகாபாஸ்கல், நிமிடத்துக்கு 100 டிகிரி, 950-இல் 5 நிமிடம். கன செ.மீ.க்கு 4.43 கிராம் வர வேண்டிய அடர்த்தி 4.25-இல் நிற்கிறது. சூடு பத்தவில்லையோ என்று 1050 வரை போனேன், அதே 4.25, கூடவே வில்லை பிஸ்கட் மாதிரி உடைகிறது. கைடு இன்னும் ஏற்றச் சொல்கிறார். ஏற்றலாமா?

உலைக்காரன்:
வேண்டாம். 6-4 சுமார் 995 டிகிரியில் முழுக்க பீட்டா என்ற படிக அமைப்புக்கு மாறிவிடும், அதற்கு மேலே போனால் கிரெய்ன் (உள்ளிருக்கும் படிகத் துகள்) ஊதிப் பெருக்கும், இழுவைத் தன்மை போய்விடும். உங்கள் பைரோமீட்டர் (தொடாமல் சூடு அளக்கும் கருவி) டையின் வெளிச்சுவரைத்தான் பார்க்கிறது என்றால் உள்ளே அதைவிட 50 டிகிரியோ அதற்கு மேலோ கூட இருக்கலாம். சரி, அது கிடக்கட்டும். ஃபாயிலை முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டா அடர்த்தி பார்க்கத் தண்ணீரில் எடை போட்டீர்கள்?

குடந்தை மாணவி:
கையால் உரித்தேன் சார், அங்கங்கே ஒட்டிக்கொண்டு இருந்தது. அது அவ்வளவு பெரிய விஷயமா?

உலைக்காரன்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் என்றால் கன அளவு 1.57 கன செ.மீ., எடை 7 கிராம்கூட இல்லை. எல்லாப் பக்கமும் 0.1 மி.மீ. ஃபாயில் ஒட்டியிருந்தால் கன அளவில் 0.09 கூடும், எடையோ 0.1 கிராம்தான் கூடும். ஓட்டையே இல்லாத வில்லைகூட 96 சதவீதம் என்றுதான் காட்டும்! நானும் ஒரு காலத்தில் இப்படி ஆறு மாதம் உலையைத் திட்டிக்கொண்டிருந்தவன். ஃபாயிலுக்குக் கீழே டைட்டானியம் கார்பைடு தோல் ஒன்று இருக்கும், எமரித் தாளில் சீக்கிரம் போகாது, வைர வட்டில் பக்கத்துக்கு 0.3 மி.மீ. எடுங்கள். போரான் நைட்ரைடு பூசினால் கார்பன் ஏறாது என்று யாராவது சொல்வார்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது, கரன்ட் போகும் வழியே மாறிவிடும், பழைய ரெசிபி அப்படியே பொருந்தாது.

சுவாமிமலைக்காரன்:
சார் சொன்னது அடர்த்திக்குச் சரி, உடைவதற்கு வேறு காரணம் இருக்கும். சூடேறும்போது வாக்கம் கேஜைப் பார்த்தீர்களாம்மா? அந்த முறைப் பவுடரில் மிச்ச ஹைட்ரஜன் இருக்கும், 400-லிருந்து 700 டிகிரிக்குள் வெளியே வரும். எடுத்த எடுப்பிலேயே 50 மெகாபாஸ்கல் கொடுத்தால் வாயு போக வழியேது? எங்கள் வீட்டில் சிலை வார்ப்பு. வண்டல் மண் அச்சு சரியாகக் காயாமல் உலோகத்தை ஊற்றினால் ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் வெடிக்கும். அச்சு காயட்டும் என்று அப்பா காத்திருப்பார். நீங்களும் 650-இல் பஞ்ச் (டைக்குள் பவுடரை அழுத்தும் தண்டு) தொட்டுக்கொண்டிருக்கும் அளவு அழுத்தத்தோடு நிறுத்துங்கள், கேஜ் பழைய இடத்துக்கு இறங்கிய பிறகு முழு அழுத்தம் கொடுங்கள். அப்புறம், டப்பாவை எப்போது திறந்தீர்கள்?

குடந்தை மாணவி:
ஐப்பசியில். நல்ல அடைமழை. ஏசி ரூம்தான், ஆனால் நடுவில் கரன்ட் போய்விட்டது, டப்பா இரண்டு நாள் சரியாக மூடாமல் இருந்தது.

சுவாமிமலைக்காரன்:
போச்சு. பவுடர் மேல் படிந்த ஈரத்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியே வரும், ஆக்சிஜன் டைட்டானியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹைட்ரஜனையாவது வாக்கத்தில் இழுத்துவிடலாம், ஆக்சிஜனை எந்த வாக்கமும் இழுக்காது.

குடந்தை மாணவி (மூன்று வாரம் கழித்து):
பழைய 950 வில்லையைத் தேய்த்ததும் 4.36. புதிதாக ஓட்டினேன்: 580-இல் கேஜ் எகிறியது, 650-இல் 12 நிமிடம் நிறுத்தினேன், பிறகு 50 மெகாபாஸ்கல், 920-இல் 5 நிமிடம், 4.41! ஆனால் கடினம் 410 விக்கர்ஸ், வளைத்தால் இன்னும் உடைகிறது. ஆக்சிஜன் சோதனைக்கு அனுப்பினேன், 0.38 சதவீதம். கிரேடு 5-க்கு (6-4-இன் தரப் பெயர்) 0.20 தான் உச்சம். புதுப் பவுடருக்குக் கைடிடம் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்தால் நம்பிக்கையில்லை. மிச்சப் பவுடரைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

உலைக்காரன்:
டை செட்டிங் பழக வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டாம். காயவைப்பதாக இருந்தால் வாக்கம் ஓவனில் மட்டும், சாதா ஓவனில் வைக்காதீர்கள், நுண்ணிய டைட்டானியம் தீப்பிடித்துக்கொள்ளும். பிடித்தால் தண்ணீரையோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையோ தொடக்கூடாது. உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும், ஆற்று மணல் என்றால் நன்றாக வறுத்துவிட்டு வையுங்கள்.