'வாங்க'வோடு வெட்டுப்பட்ட தலைப்பு

வெள்ளவத்தைக்காரன்:
காலி வீதியில் ஒரு சீலைக் கடைக்கு இணையத்தில் எழுதிக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன்னர், நூலைக் கொளுத்திப் பட்டைச் சோதிக்கிற முறையை எழுதினேன். அசல் பட்டென்றால் தலைமயிர் கருகின மணம் வரும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். தலைப்பு: 'இந்தத் தீபாவளிக்கு அசல் என்று நம்பிப் போலிப் பட்டுச் சீலை வாங்க வேண்டாம்'.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா போனும் கையுமாகக் கடைக்கு வந்தார். "தம்பி, அந்தப் போலிப் பட்டு என்ன விலை? கல்யாண வீட்டில பின்வரிசையில நிக்கத்தானே, அது போதும்."

போனை வாங்கிப் பார்த்தேன். கூகுள் தலைப்பின் கடைசிச் சொல்லை வெட்டி, '...போலிப் பட்டுச் சீலை வாங்க...' என்று முடித்திருந்தது. அது எழுத்தை எண்ணுவதில்லை, திரையின் அகலத்தைப் பார்த்து வெட்டும். எங்கட எழுத்தோ அகலம். போதாக்குறைக்கு வினை கடைசியில் வருகிற பாஷை. 'வேண்டாம்' போனால் எல்லாம் போச்சு! முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது. அன்றைக்கே மாற்றினேன்: 'பட்டு அசலா? ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்'.

கொட்டாஞ்சேனை:
எனக்கு நடந்தது வேறு. தெஹிவளையில் ஒரு தொடர்மாடி வீடு விற்க, முகநூலில் 'யாரும் எதிர்பாராத விலையில்!' என்று போட்டேன். காலையிலிருந்து போன் ஓயவில்லை. எதிர்பாராத விலைதான், ஆனால் கூடின பக்கம். ஒரு ஐயா ஏசவுமில்லை, "தம்பி, பொய் சொல்லேல்லை, உண்மையும் சொல்லேல்லை" என்று வைத்துவிட்டார். ஏசியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

தலைப்பை அமுக்கிவிட்டு உடனே திரும்பி வருகிறார்களா என்று பார்த்து, இப்படியான பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று பேஸ்புக் 2014இலேயே அறிவித்துவிட்டது. எனக்குத்தான் விளங்கப் பிந்தியது. விலையையே தலைப்பில் போட்டேன். அழைப்பு நாலைந்துதான், அதில் இரண்டு பேர் நேரில் வந்து வீடு பார்த்தார்கள்.

புறக்கோட்டை:
வெள்ளவத்தைக்காரன் சொன்னதற்கு ஒன்று. பேர்போன விளம்பர எழுத்தாளர் டேவிட் ஒகில்வி 1958இல் ரோல்ஸ் ரொய்ஸுக்கு எழுதிய தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 60 மைல் வேகத்தில் ஓடும்போது இந்தக் காரில் கேட்கிற ஆகப் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்தினுடையது என்று வரும். கூகுள் 'ஆகப் பெரிய சத்தம்' என்ற இடத்தில் வெட்டினால் அந்தக் காரை யார் வாங்குவார்?