பழைய கதவை விறகாக்கும் முன்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

கோவில் திருப்பணிக் கணக்கில், பழைய மரக்கதவைக் கழற்றி விறகுக்குக் கொடுத்துவிட்டுப் புதுக்கதவு போடுவதாக ஒரு வரி இருந்தது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், போன கிழமை பார்த்த மரத் தேவாலயம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோர்வேயின் மேற்கே சோல்வோர்ன் துறையில் படகேறி, அக்கரையில் இறங்கி மேடேறினால் ஊர்னெஸ் தேவாலயம். 1130ஐ ஒட்டிக் கட்டியது. மரத்தூண்களை நிறுத்தி அவற்றின்மேல் எழுப்பும் இவ்வகைக்குத் தூண் தேவாலயம் என்று பெயர்; நாட்டில் எஞ்சியிருக்கும் 28இல் இதுவே மூத்தது. 1979 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது.

இந்த மழை நாட்டில் மரம் எப்படி ஒன்பது நூற்றாண்டு தாங்கியது என்று மகள் கேட்டாள். விடை காலடியில் இருந்தது. இதே இடத்தில் முன்பு தேவாலயம் கட்டியவர்கள் பந்தற்கால் நடுவதுபோல் தூணை மண்ணில் புதைத்தார்கள்; மண்ணோடு சேர்ந்த இடம் உளுத்துப் போனது. 1950களில் தரைக்கடியில் தோண்டியபோது அந்தக் குழிகளும், பதினோராம் நூற்றாண்டு நோர்வே மன்னன் ஹரால்ட் ஹார்ட்ரோடவின் காசு ஒன்றும் கிடைத்தன. பின்வந்தவர்கள் கல் பரப்பி, அதன்மேல் உத்திரம் கிடத்தி, அதில் தூணைப் பொருத்தினார்கள். திண்ணைத் தூணுக்கடியில் கல் வைத்த நம் ஆசாரிமாரின் கணக்கும் இதுதான். மரமோ வைரம் பாய்ந்த பைன். பைனையே மூட்டம் போட்டு வடித்த தாரைப் பூசி வருகிறார்கள். வாசலுக்குப் போகுமுன்பே பிசினும் புகையும் மணக்கிறது.

நான் சொல்ல வந்தது வடக்குச் சுவரைப் பற்றி. அதிலுள்ள வாசற்பலகைகள் இந்தக் கட்டடத்துக்கு உரியவை அல்ல. 1070 அளவில் எழுந்த முந்தைய தேவாலயத்தினுடையவை. மெலிந்த நாற்கால் விலங்கு ஒன்று பாம்பைக் கடிக்கிறது. சுற்றிலும் பாம்புடல்கள் சிக்குக் கோலம்போல் பின்னிக் கிடக்கின்றன. ஓர் இழையைக் கண்ணால் தொடர்ந்துபோய் மூன்று முறை தொலைத்தேன். அந்தச் செதுக்கு முறைக்கே ஊர்னெஸ் பாணி என்று பெயர். தேவாலயத்தைப் புதிதாகக் கட்டியவர்கள் இந்தப் பலகைகளை அடுப்புக்குக் கொடுக்கவில்லை.

நம் கதவு என்ன மரம் என்றாவது யாரும் பார்த்தீர்களா? அடி மட்டும் உளுத்திருந்தால் அது கதவின் குற்றமல்ல, நிலை ஈரமண்ணைத் தொட்ட குற்றம். ஊரில் இருப்பவர்கள் கத்தி நுனியால் குத்திப் பார்த்து, படமும் எடுத்து அனுப்புங்கள். அதுவரை தச்சருக்கு முற்பணம் வேண்டாம். என் பங்கை நிலைக்கடியில் கல் வைக்கும் வேலைக்கு எழுதிக்கொள்ளுங்கள்.