2ஆம் ஓட்டையை இழுத்தால் சத்தம் அடைக்கிறது (ப்ளூஸ் ஹார்மோனிகா)

மாலைக்காற்று:
சி கீயில் (ஆதார சுருதி சி) பத்து ஓட்டை ஹார்மோனிகா வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் இருந்த ட்ரெமோலோ மவுத் ஆர்கனில் சினிமாப் பாட்டு வாசித்த பழக்கம் உண்டு, ஆனால் ப்ளூஸ் ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ கேட்டதிலிருந்து அந்தச் சத்தம்தான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சிக்கல். 2ஆம் ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டை கட்டின மாதிரி மங்கலாக வருகிறது, சில நேரம் அதுவும் இல்லை. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா? அப்புறம், ‘ஜூக்’ ஓடும்போது கூடவே வாசித்தால் எந்த ஓட்டையும் சேரவில்லை.

பத்துஓட்டை:
மாற்றாதீர்கள், முதலில் 3ஐ ஊதிவிட்டு 2ஐ இழுத்துப் பாருங்கள். இரண்டுமே ஒரே ஜி சுரம். இழுக்கும்போது மட்டும் சுருதி இறங்கினால் பெரும்பாலும் ரீடில் (உள்ளே அதிரும் உலோகத் தகடு) குறை இல்லை, உங்களை அறியாமலே பெண்ட் செய்கிறீர்கள், அதாவது சுருதியை வளைத்து இறக்குகிறீர்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல கன்னத்தால் இழுப்பதுதான் காரணம். கருவியை உதட்டுக்குள் நன்றாக வைத்து, தாடையைத் தளர விட்டு, கொட்டாவி வரும்போது தொண்டை திறக்குமே அதே நிலையில், வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சை உள்ளே எடுங்கள். எனக்கு ஒரு மாதம் பிடித்தது, தினமும் பத்து நிமிடம் அந்த ஒரு ஓட்டை மட்டும்தான். ஒரு நாள் ராத்திரி அறை முழுக்க அந்த ஜி நிறைந்து நின்றது, விரல் நுனி வரை அதிர்வு தெரிந்தது. விடாதீர்கள்.

தெருமுனை:
இரண்டாவது சிக்கல் சுலபம். ‘ஜூக்’ இருப்பது ஈ கீயில், வால்டர் வாசித்தது ஏ ஹார்மோனிகாவில். சி வைத்துக்கொண்டு எப்படி முயன்றாலும் சேராது. சி ஹார்மோனிகாவில் ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் ஜி கீயில் வாசிப்பார்கள், இதற்குத்தான் கிராஸ் ஹார்ப் என்று பெயர். சங்கீதம் தெரிந்தால் ஒரே வரிதான்: சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்தால் ஹரிகாம்போதி. அந்த ஸட்ஜம்தான் உங்களைப் படுத்தும் 2ஆம் ஓட்டை, அதனால் அதைச் சரி செய்யாமல் மேலே போக முடியாது. ஜி கீயில் பன்னிரண்டு பார் (பன்னிரண்டு தாளச் சுற்று) ப்ளூஸ் பின்னணி ஒன்றை ஓட விட்டு, ஜி வரும்போது 2ஐ இழுங்கள், பின்னணி சி-க்கு மாறும்போது 4ஐ ஊதுங்கள், டி-க்கு 4ஐ இழுங்கள். மூன்று சுரம் போதும், தாளத்தில் உட்காருகிற வரை வேறெதுவும் வேண்டாம்.

‘ஜூக்’ பதிவு 1952இல் சிகாகோவில் செய்தது. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது, அதுவும் பாடலே இல்லாத வெறும் வாசிப்பு! மைக்கையும் ஹார்மோனிகாவையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்ததால்தான் அந்தக் கனம். ஆனால் இப்போதே மைக் வாங்காதீர்கள். மைக் இல்லாமல் பழைய வாசிப்பு கேட்க ஜான் லீ வில்லியம்சனின் 1937 பதிவுகள் இருக்கின்றன. சன்னி பாய் வில்லியம்சன் என்று தேடினால் இரண்டு பேர் வருவார்கள், இவர்தான் முதலாமவர்.

மாலைக்காற்று:
3ஐ ஊதி 2ஐ இழுத்தேன், நிஜமாகவே இறங்கித்தான் இருக்கிறது! தாடையை விட்டதும் கொஞ்சம் திறந்தது. பெண்ட் பழக எந்த ஓட்டையில் தொடங்கலாம்? ட்ரெமோலோவில் ஏன் அது வரவே இல்லை?

பத்துஓட்டை:
4இல் தொடங்குங்கள். ஒரு ஓட்டையில் ஊதும் சுரத்துக்கும் இழுக்கும் சுரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் பெண்ட். 4இல் சி, டி, நடுவில் ஒன்று. 3இல் ஜி, பி, நடுவில் மூன்று, அதைப் பிடிக்க நாள் ஆகும். 5இல் ஈ, எஃப், நடுவில் எதுவுமே இல்லை, அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். ஓட்டைக்குள் ஒரே காற்றறையில் இருக்கும் இரண்டு ரீடும் சேர்ந்து அசைவதால் வருவது இது, ட்ரெமோலோவில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. 4ஐ இழுத்தபடி வாய்க்குள் ‘ஈ’ என்பதிலிருந்து ‘ஓ’வுக்கு நாக்கைப் பின்னால் இறக்குங்கள், பக்கத்தில் சுருதி காட்டும் ட்யூனர் ஆப் திறந்திருக்கட்டும், முள் டியிலிருந்து நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.