நாட் கிங் கோல் டிவியில தோத்தாரா, தோக்கடிச்சாங்களா?

கித்தாக்காடு: மலேசியா சுங்கை சிப்புட் ஆளுங்க யாராச்சும் பதில் சொல்லுங்க. நேத்து ஒட்டுக்கடையில பழைய பாட்டுப் பேச்சு வந்துச்சு. அமெரிக்கக் கறுப்பர் பாடகர் நாட் கிங் கோல் பாட்டுல ராஜா, டிவியில பூஜ்யம்னு சொன்னேன். ரெண்டு பேரு டீயை வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. அமெரிக்காவோட என்பிசி டிவியில 1956 நவம்பர்ல அவரு ஆரம்பிச்ச நிகழ்ச்சி 1957 டிசம்பர்ல மூடியாச்சு. வெள்ளைக்கார பேண்டு நடத்துனர் லாரன்ஸ் வெல்க் அக்கார்டியனை மாட்டிக்கிட்டு தன் டிவி நிகழ்ச்சியை 1955லருந்து 1982 வரைக்கும் ஓட்டினாரு. சனம் பாத்தா ஓடும், இல்லன்னா நிக்கும். அவ்வளவுதானே?

பழைய ரிக்கார்டு: சனம் பாக்கலன்னு உனக்கு யாரு சொன்னது தம்பி? மொதல்ல திங்கக்கிழமை பதினஞ்சு நிமிஷம்தான் கொடுத்தாங்க. 1957 ஜூலையில அரைமணி ஆக்கினாங்க. பாக்க ஆளில்லாததை எவன் நீட்டுவான்? வராதது விளம்பரக்காரன். கறுப்பர் நடத்துற நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தா, தெற்கு மாநிலத்துல நம்ம சாமான் விக்காதுன்னு பயம். நியூயார்க் பக்கம் ரைன்கோல்ட் பீர்காரன் வந்தான். நாடு முழுக்கன்னு ஒருத்தனும் வரல. உன் வெல்க்குக்கு டாட்ஜ் கார் கம்பெனி பின்னால நின்னுச்சே, அதை விட்டுட்டியே. தோட்டத்துக் கோயில் திருவிழாவுல கூட்டம் நெறைஞ்சு கெடக்கையில உபயக்காரன் கைய விரிச்ச கதைதான் இது.

கித்தாக்காடு: உபயக்காரன் இல்லன்னு எந்தத் தோட்டத்துலண்ணே திருவிழா நின்னுச்சு? வீட்டுக்கு இவ்வளவு வெள்ளின்னு வசூல் பண்ணி நடத்திருவாங்க. என்பிசியும் கைக்காசு போட்டு ஒரு வருஷம் இழுத்துச்சு. சனிக்கிழமை ஏழு மணிக்கு மாத்திக்கலாம்னு கேட்டப்ப வேணாம்னு சொன்னவரு கோல்தான். யாரும் அவரைத் தொரத்தல.

லயத்துப்பொண்ணு: ரெண்டு பேரும் காசையே பேசுறீங்க, அவரு வாசிச்சதைப் பேசலையே! 1937லயே மூணு பேரு சேர்ந்த ட்ரியோ வெச்சு ஜாஸ் பியானோ வாசிச்ச மனுஷன். பழைய துணுக்கு ஒண்ணு பாருங்க: விரல் கட்டையில ஓடிக்கிட்டே இருக்கும், முகம் மட்டும் நம்ம பக்கம் திரும்பிச் சிரிக்கும், குனிஞ்சு கையைப் பாக்கவே மாட்டாரு. நான் பிள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறவ. அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பாடகர் பெலஃபான்டே எல்லாம் அவரு நிகழ்ச்சிக்குக் கலைஞர் சங்கம் வெச்ச குறைஞ்ச சம்பளத்துக்கு வந்து பாடினாங்க. அந்த 1956 ஏப்ரல்லதான் அமெரிக்கத் தெற்குல அலபாமா பர்மிங்காம்ல வெள்ளை இனவெறிக்காரங்க மேடை ஏறியே கோலை அடிச்சாங்க. ஏழே மாசத்துல கேமரா முன்னால வந்து நிக்கிறாரு! இன்னொண்ணு, டிவி நிகழ்ச்சி நடத்தின கறுப்பர்ல கோல்தான் முதல் ஆளுன்னு யாரும் கிளம்பிடாதீங்க. 1950லயே டூமாண்ட் டிவியில கறுப்பினப் பெண் ஹேசல் ஸ்காட் பியானோவோட நிகழ்ச்சி நடத்தினாங்க. கம்யூனிஸ்ட்னு சந்தேகம் கிளப்பி, விசாரணைக்குப் போய்ப் பேசின கொஞ்ச நாள்ல அதை மூடிட்டாங்க.

பழைய ரிக்கார்டு: அப்படிச் சொல்லும்மா. எங்கப்பா துரைமார் கிளப்புல தட்டு தூக்கினவரு. கோல் ரிக்கார்டை அங்கதான் கேட்டாரு, சமையக்கட்டு வாசல்ல நின்னு. உள்ள பாடுறவனும் கறுப்பன்தான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை ஏழு மணிங்கிறதும் ஓரமா நிக்க வெக்கிற சமையக்கட்டு வாசல்தான்.

கித்தாக்காடு: அந்த வாசல்லயாச்சும் காலை ஊணியிருக்கலாமே. 1970ல கறுப்பர் நகைச்சுவைக்காரர் ஃபிளிப் வில்சன் வந்து அதே என்பிசியில வெற்றிக்கொடி நாட்டினாரு. நடுவுல எத்தனை வருஷம் வீணாப் போச்சு!

பழைய ரிக்கார்டு: கோல் 1965லயே போயிட்டாரு, வயசு 45. சரி, ஏழு மணிக்கு மாத்தியிருந்தா மட்டும் லிப்ஸ்டிக் கம்பெனியும் கார் கம்பெனியும் ஓடி வந்திருக்குமா? அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் வா.