பேர்ட் மாடலில் உச்சிவெயில் 65 வாட் குறைவாக வருகிறது, எங்கே தவறு?

மாடிவெயில்:
வணக்கம். மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பைரனோமீட்டர் (வெயிலின் கதிர்வீச்சை அளக்கும் கருவி) வைத்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்கிறேன். அதே இடத்துக்குச் செயற்கைக்கோள் தரவிலிருந்து தரைக்கு வரும் கதிர்வீச்சைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். மேகமே இல்லாத ஏப்ரல் 15 அன்று உச்சியில் கருவி சதுர மீட்டருக்கு 940 வாட் காட்டியது, தெளிந்த வானத்தில் தரைக்கு வரும் கதிர்வீச்சைக் கணக்கிடும் பேர்ட் மாடல் 875தான் தருகிறது. அப்புறம், காலையில் மாடல் அதிகம், சாயங்காலம் குறைவு. மாடலுக்குக் கொடுத்த எண்கள்: ஈஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலைத் தரவுத்தொகுப்பு) நீராவி 45, ஓசோன் 0.26 சென்டிமீட்டர், மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் 550 நானோமீட்டர் ஏஓடி (காற்றிலுள்ள தூசு வெயிலை மறைக்கும் அளவு) 0.30. கருவியின் கண்ணாடியைத் துடைத்து, மட்டம் பார்த்து, கேபிளைக்கூட மாற்றிவிட்டேன். இரண்டு வாரமாக இதிலேயே கிடக்கிறேன், வழி சொல்லுங்கள்.

கதிர்க்கணக்கு:
கருவியை விடுங்கள், அந்த 45தான் சிக்கல். ஈஆர்ஏ5 நீராவியைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று தருகிறது, அதாவது மில்லிமீட்டர் கணக்கு. பேர்ட் கேட்பது சென்டிமீட்டர், 4.5 போடுங்கள். பத்து மடங்கு தவறு கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், நீராவி உறிஞ்சும் அகச்சிவப்புப் பட்டைகள் முதல் சில சென்டிமீட்டரிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும், அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் மெல்லத்தான் குறையும். சூரியன் தலைக்கு நேராக இருந்தால் 4.5-க்கு 0.866 பங்கு கடந்து வரும், 45-க்கு 0.797. ஓசோனில் 0.26 சென்டிமீட்டருக்குப் பதிலாக, அதற்குச் சமமான 260 டாப்சனை அப்படியே போட்டிருந்தால் விடை மைனஸில் போயிருக்கும், அன்றே பிடித்திருப்பீர்கள்.

நிழல்:
காலை, மாலை வித்தியாசம் நேரக் கோளாறு. ஏப்ரல் நடுவில் மதுரைக்கு நேர் மேலே சூரியன் வரும், மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தாலே நிழல் காணாமல் போகும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, மதுரை 78.1 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம் என்று வைத்தால் உச்சி 12:17 வாக்கில். உங்கள் மாடலின் உச்சம் எத்தனை மணிக்கு?

மாடிவெயில்:
11:47! நேர வலயத்தை முழு எண்ணாக வைத்திருந்தேன், யூடிசியோடு (உலகப் பொது நேரம்) 5 மணி மட்டும் கூடியிருக்கிறது. அதை 5.5 ஆக்கி, நீராவியையும் திருத்தினேன். வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன, ஆனால் உச்சி இப்போது 951. இன்னும் 11 வாட் அதிகம்.

கதிர்க்கணக்கு:
சரி, அது தூசு. பேர்ட் ஏஓடியை 380, 500 நானோமீட்டரில் கேட்கும், நீங்கள் 550-இன் மதிப்பையே இரண்டுக்கும் கொடுத்திருப்பீர்கள். அலைநீளம் குறையக் குறைய ஏஓடி கூடும். அது எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதைச் சொல்லும் ஆங்ஸ்ட்ராம் அடுக்கை 1.1 என்று வைத்து மாற்றிப் பாருங்கள்.

மாடிவெயில்:
0.45, 0.33 வந்தது. உச்சி 937! மிக்க நன்றி சார், இன்று நிம்மதியாகத் தூங்குவேன். மேகமுள்ள நாளுக்கும் இதே மாடல் போதுமா?

நிழல்:
போதாது, பேர்ட் தெளிந்த வானத்துக்கு மட்டும். இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் படம் அரை மணிக்கொன்று கிடைக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளிப் பட்டையை எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடுத்த படங்களை ஒரு மாதத்துக்கு அடுக்கி, உங்கள் பிக்சலின் மிக இருண்ட மதிப்பைத் தரை என்று கொள்ளுங்கள். அன்றைய பிரகாசம் அதற்கும் அடர்ந்த மேகத்துக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதுதான் மேகக் குறியீடு. ஒன்றிலிருந்து அதைக் கழித்து பேர்ட் விடையோடு பெருக்கினால் முதல் மதிப்பீடு வரும். ஒப்பிடும்போது மட்டும் கருவியின் நிமிட அளவை வைக்காதீர்கள், அரை மணிச் சராசரி எடுங்கள்.