மாடு, மான், காண்டாமிருகம்: எல்லாமே ‘கொம்பு’தானா?

கேள்வி:
விலங்கியல் காட்சிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். மாடு, புள்ளிமான், ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் நான்குக்கும் ‘கொம்பு’ என்றே போடலாமா? ‘கொம்புத்தன்மையுள்ள’ என்பது குளம்புக்கும் பொருந்துமா?

பதில் 1:
தலைப்பில் போடலாம். கீழே, எதனால் ஆனது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நான்கும் நான்கு விதம்.

மாட்டுக்கு உள்ளே நெற்றி எலும்பிலிருந்து நீளும் எலும்புத்தண்டு, மேலே கெரட்டின் (நகம், முடியில் உள்ள புரதம்) உறை. கிளைக்காது, உதிராது. ஆடு, புல்வாய் எல்லாம் இதே வகைதான். பேச்சில் புல்வாயையும் மான் என்பதால்தான் பாதிக் குழப்பம்.

புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு. வளரும்போது மேலே மென்மயிர்த் தோல் மூடியிருக்கும், இரத்தம் அதன் வழியாகத்தான் வரும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். பிறகு கொம்பே விழுந்து மறுபடி முளைக்கும். ‘உதிர்கொம்பு’ என்று எழுதினால் தெளிவு. பெண்ணுக்கும் இது இருப்பது பனிக்கலைமானில் மட்டும்.

ஒட்டகச்சிவிங்கிக்கு எலும்பின்மேல் கடைசிவரை தோலும் மயிரும் இருக்கும். குட்டியில் அது வெறும் குருத்தெலும்பு, மண்டையோட்டோடு ஒட்டுவது பிற்பாடுதான். காண்டாமிருகத்துக்கோ உள்ளே எலும்பே கிடையாது, அத்தனையும் கெரட்டின். மண்டையோட்டில் மூக்கெலும்பின்மேல் ஒரு சொரசொரப்பான திட்டுதான் மிஞ்சும்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: பொருந்தும். ‘கொம்புத்தன்மையுள்ள’ என்றால் கெரட்டினால் ஆனது என்றே பொருள். குளம்பு, நகம், அலகின் மேலுறை, சில திமிங்கிலங்களின் வாயில் தொங்கும் வடிதகடு எல்லாம் கொம்புத்தன்மையுள்ளவையே. வேடிக்கை, எலும்பான மான்கொம்புக்கு அது பொருந்தாது! அதனால் ‘கெரட்டினாலான’ என்றே எழுதிவிடுங்கள். மருப்பு, கோடு என்ற பழஞ்சொற்களையும் தவிருங்கள். எருமைக்கொம்பு, யானைத்தந்தம் இரண்டையும் அவை குறிக்கும். தந்தம் பல், மேல்தாடையின் வெட்டுப்பல்.

பதில் 3:
பெயரில்லாத உடைந்த துண்டு இருந்தால் வெட்டுமுகத்தை 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். மான்கொம்பில் ஓரம் கெட்டியாகவும் நடு பஞ்சுபோலத் துளைதுளையாகவும் இருக்கும். மாட்டுக்கொம்பு உறையில் அடுக்கடுக்காகத் தெரியும், அடிப்பக்கம் குழிவு. யானைத்தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள். சுட்டு மோந்து பார்ப்பதை நம்பாதீர்கள். எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருப்பதால் அதுவும் கெரட்டின்போலக் கருகி நாறும்.

கெரட்டின் பொருளைத் தனியாக வையுங்கள். அந்துப்பூச்சிப் புழு அதைத் தின்னும். காற்று மிக வறண்டால் உறை சுருங்கி வெடிக்கும், உள்ளிருக்கும் எலும்பு அதோடு சேர்ந்து சுருங்காது.

கேட்டவர்:
உதிர்கொம்பு தானாக விழுந்ததா, விலங்கிலிருந்து எடுத்ததா என்று தெரியுமா?

பதில் 3:
அடியைத் திருப்பிப் பாருங்கள். தானாக விழுந்ததில், கொம்பின் அடியைச் சுற்றியுள்ள வளையத்துக்குக் கீழே பொத்தான்போல் முடிந்து, முகம் சொரசொரப்பாக இருக்கும். எடுத்ததில் மண்டையோட்டுத் துண்டோ ரம்பத்தடமோ தெரியும். கொம்பு முற்றாமல் எடுத்திருந்தால் அடி இன்னும் நுண்துளையாகவே இருக்கும், எடையும் குறைவு.